பல்கலைக்கழக முதல் வருடம்: உதவி இருக்கிறதாம், யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாம்வரிசை:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு கையேடு அனுப்பியிருக்கிறார்கள், அதில் மாணவர் நலப் பிரிவு, சமவாய்ப்புப் பிரிவு, மென்டர், கவுன்சிலிங் சென்டர், அவசர நிதி, குறைதீர்ப்பாளர் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஒவ்வொரு பக்கமும் "எப்போது வேண்டுமானாலும் அணுகலாம்" என்று முடிகிறது. யாரை எதற்கு அணுகுவது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது. பள்ளியில் எல்லா டீச்சருக்கும் தெரியும், பரீட்சை நடுவில் சுகர் இறங்கினால் குளுக்கோஸ் எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இங்கே முதலிலேயே சொன்னால் ஃபைலில் ஏறிவிடுமோ, பிறகு வேலைக்குப் போகும்போது அது கூடவே வருமோ என்று வீட்டில் பயம். தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. அது சரியா?

பழையபதிவாளர்:
தம்பியோ தங்கையோ, அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், சரியில்லை. "தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்களின் மனுக்களைத்தான் பதிவாளர் அலுவலகத்தில் வருடக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் உங்களைத் தெரிந்த ஒருவர் முடிவெடுப்பார். பல்கலைக்கழகத்தில் முடிவெடுப்பவருக்கு உங்களைத் தெரியாது, அவர் முன்னால் இருப்பது காகிதம்தான். தேர்வு அறைக்கு மேற்பார்வைக்கு வருபவர் பெரும்பாலும் வேறு துறைக்காரர், அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பதிவு எண்ணுக்கு எதிரே "குளுக்கோமீட்டர், தின்பண்டம் அனுமதி" என்று இருந்தால் நீங்கள் பையைத் திறந்தாலும் அவர் கண்டுகொள்ள மாட்டார். இல்லையென்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விடமுடியாது, பக்கத்து நாற்காலிக்காரர் புகார் கொடுத்தால் பதில் சொல்லவேண்டியது அவர்.

பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு, பார்வை, கேட்டல், கற்றல் குறைபாடு இவற்றுக்காக விதியில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் (கூடுதல் நேரம், தனி அறை, எழுத ஆள், ஹாஸ்டலில் தரைத்தள அறை) அது சமவாய்ப்புப் பிரிவு, சில பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு என்பார்கள். அசைன்மென்ட் தேதியைத் தள்ளவேண்டும், தேர்வுக்கு வரமுடியவில்லை என்றால் துறை அலுவலகம், அதுவும் உங்கள் மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்) வழியாகப் போனால் வேகமாக நடக்கும். பீஸ், ஸ்காலர்ஷிப், அவசரப் பணம் எல்லாம் நிதி உதவிப் பிரிவு. மனசு சரியில்லை என்றால் கவுன்சிலிங். இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கவுன்சிலரிடம் போய் மனம்விட்டு அழுதுவிட்டு வந்தவர், தேர்வுப் பிரிவுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவார். தெரிந்திருக்காது, தெரியவும் கூடாது. அந்தக் கடிதத்தை நீங்கள்தான் வாங்கி, நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

ஃபைல் பயத்துக்கு வருகிறேன். சலுகைக்காகக் கொடுக்கும் மருத்துவச் சான்று அந்தப் பிரிவின் கோப்போடு நிற்கும். மதிப்பெண் பட்டியலிலோ பட்டத்திலோ வராது. ஆசிரியருக்குப் போகும் குறிப்பிலும் பொதுவாக "இந்த மாணவருக்கு இன்னின்ன ஏற்பாடு" என்றுதான் இருக்கும், நோயின் பெயர் இருக்கவேண்டிய அவசியமில்லை. சந்தேகமாக இருந்தால் சான்றைக் கொடுக்கும் முன்பே "இதை யார் யார் பார்ப்பார்கள்?" என்று மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும், அது போதும்.

கல்தூண்:
தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதெல்லாம் இல்லாமல்தானே நாங்கள் படித்து வெளியே வந்தோம்? கஷ்டம் வந்தால் நண்பன் இருந்தான், சீனியர் இருந்தார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு, ஒரு படிவம். பதினெட்டு வயதானவரைக் குழந்தையாகவே வைத்திருக்கிறோமோ என்று தோன்றுகிறது. (அந்தத் தம்பியின் சர்க்கரை விஷயம் வேறு, அது உடம்பு.)

பழையபதிவாளர்:
கல்தூண் சார், படித்து வெளியே வந்தவர்கள்தான் "நாங்கள் வந்தோம்" என்று எழுதமுடியும். பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்களின் ஃபைல்கள் எங்கள் அலமாரியில் இருந்தன. அவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை.

கோடைமழை:
நான் மாணவர்களுக்கு கவுன்சிலிங் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தையில் முடியாது என்று எனக்கே தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் ஒன்றின் கீழ் ஆஸ்திரேலியா, பெல்ஜியம், ஜெர்மனி, மெக்சிகோ, வட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின், அமெரிக்கா என்று 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். 2018ல் வெளியானது. கிட்டத்தட்ட 14,000 பேர். அதில் 35 சதவீதம் பேருக்கு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலப் பிரச்சினைகளில் ஏதாவது ஒன்றாவது வாழ்நாளில் வந்திருப்பதற்கான அறிகுறி இருந்தது. முதலாண்டு மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். பல்கலைக்கழகம் அவர்களைக் கெடுத்துவிட்டது என்று சொல்லமுடியாது, நிறைய பேர் அதோடுதான் உள்ளே வருகிறார்கள். வாழ்நாள் முழுக்க வரக்கூடிய மனநலப் பிரச்சினைகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடும் என்பது அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றிலிருந்து 2005லேயே வந்த முடிவு. அந்த வயதில்தான் வீட்டை விட்டு, பழகிய டாக்டரை விட்டு, தூங்கும் நேரத்தை விட்டு எல்லாரும் ஒரே வாரத்தில் கிளம்புகிறார்கள். கல்தூண் அண்ணா சொன்ன அந்த நண்பனும் முதல் மாதத்தில் இன்னும் நண்பனாகியிருக்க மாட்டான், அதுதான் சிக்கல்.

உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாததால் நிறைய பேர் கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு படிவம். தூக்கம் எப்படி, பசி எப்படி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்டிருக்கும். கடைசிக் கேள்வியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எல்லாரிடமும் கேட்பதுதான், "ஆம்" என்று எழுதினால் உடனே ஆம்புலன்ஸ் வந்துவிடாது. முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான், யாருக்கு என்ன தேவை என்று பிரித்துப் பார்ப்பதற்காக. பிறகு சிலருக்குச் சில அமர்வுகள், சிலருக்குக் குழு, சிலரை வெளி மருத்துவரிடம் அனுப்புவோம். பல இடங்களில் ஒரு மாணவருக்கு இத்தனை அமர்வுகள்தான் என்று வரம்பு உண்டு, தேர்வு நெருங்கும்போது காத்திருப்புப் பட்டியல் நீளும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே ஒருவரிடம் சிகிச்சையில் இருப்பவர்கள் செமஸ்டர் தொடங்கும் முன்பே எங்களுக்கு எழுதுங்கள். மாத்திரை தீரும் தேதியும் புது ஊரில் டாக்டர் கிடைக்கும் தேதியும் ஒத்துவராமல் இடையில் விட்டுப்போவதுதான் முதல் செமஸ்டரில் நாங்கள் பார்க்கும் மோசமான விஷயம்.

அவசரம் என்றால் காத்திருக்கவே கூடாது. மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, அமெரிக்காவில் 988, பிரிட்டனில் 116 123. எந்த நாட்டில் படிக்கிறீர்களோ அந்த எண்ணை இன்றைக்கே போனில் சேமித்துவிடுங்கள்.

வாசகி_அம்மா:
நான் அம்மா பக்கத்திலிருந்து கேட்கிறேன். பையன் போன வருடம் சேர்ந்தான். சாப்பிடுகிறானா, வகுப்புக்குப் போகிறானா என்று துறைக்கு போன் செய்தால் "அவரிடமே கேளுங்கள் மேடம்" என்கிறார்கள். பீஸ் கட்டுவது நாங்கள். இது என்ன நியாயம்?

கோடைமழை:
அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த அலுவலர் அவருடைய வேலையைத்தான் செய்திருக்கிறார். அமெரிக்காவில் 1974லிருந்து சட்டமே இருக்கிறது, உயர்கல்வியில் சேர்ந்ததும் கல்விப் பதிவு மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு, பெற்றோரின் வருமான வரிக் கணக்கில் மாணவர் சார்ந்தவராக இருந்தால் இன்னொரு விதிவிலக்கு. மற்ற நாடுகளில் சட்டத்தின் பெயர் வேறாக இருக்கலாம், பெரியவராகிவிட்டார் என்பதுதான் அடிப்படை. கவுன்சிலிங் அறையில் பேசியது இன்னும் கெட்டியாக மூடியிருக்கும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால்தான் திறப்போம், அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவோம்.

உங்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. பல இடங்களில் ஒப்புதல் படிவம் உண்டு, "அவசரத்தில் இவரைத் தொடர்புகொள்ளலாம்" என்று பையனே உங்கள் பெயரைக் கொடுக்கலாம். கேட்டு வாங்குங்கள், மிரட்டி வாங்க வேண்டாம். அப்புறம், எங்களிடமிருந்து தகவல் வாங்கமுடியாதே தவிர எங்களிடம் தகவல் சொல்லமுடியும். "ரெண்டு வாரமாகப் பேசும்போதெல்லாம் அழுகிறான்" என்று நீங்கள் எழுதினால் நான் பதிலில் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் படித்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டேன்.

வாசகி_அம்மா:
சரி. சொல்லலாம் என்று தெரியாமல் போயிற்று. நன்றிம்மா.

நடுப்பக்கம்:
மூன்றாம்வரிசைக்கு நேரடியாக: எனக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் சிரமம். பள்ளியில் கூடுதல் நேரம் இருந்தது, அது அப்படியே தொடரும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். தொடராது. அமெரிக்காவில் பள்ளிக்கு என்று போட்ட தனிக் கல்வித் திட்டம் பள்ளியோடு முடிந்துவிடும், இங்கிலாந்தில் பள்ளி மாணவருக்கான கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது. அதாவது உரிமை இருக்கும், ஏற்பாடு மட்டும் பூஜ்ஜியத்திலிருந்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24வது பிரிவிலேயே உயர்கல்வியில் நியாயமான ஏற்பாடுகள் செய்துதரவேண்டும் என்று இருக்கிறது. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம், இந்தியாவில் 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நீண்டநாள் நோய்களும் பல நாடுகளில் இதற்குள் வரும், டைப் 1 சர்க்கரையைப் பல இடங்களில் இந்தப் பிரிவுதான் பார்க்கிறது. ஆகவே "எனக்கு ஊனமில்லையே, அங்கே ஏன் போகவேண்டும்" என்று தயங்காதீர்கள்.

டாக்டர் கடிதம்தான் உயிர். நான் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) நான் முதலில் கொடுத்த கடிதம் ஒரே வரி, "இவருக்கு டிஸ்லெக்ஸியா உள்ளது". திருப்பி அனுப்பிவிட்டு, வேறு என்ன வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, ஒரு மாதம் ஓடிவிட்டது, அதற்குள் முதல் இன்டர்னல் முடிந்துவிட்டது. முடிந்த தேர்வுக்கு முன்தேதியிட்டுக் கூடுதல் நேரம் கொடுக்கமுடியாது, இது உலகம் முழுக்க ஒரே கதைதான். பிறகு ஒரு சீனியர் அக்கா உட்கார்ந்து விளக்கினார்: நோயின் பெயர் மட்டும் இருந்தால் அலுவலருக்கு என்ன செய்வதென்று தெரியாது, அதனால் என்ன சிரமம், அதற்கு என்ன வேண்டும் என்று கடிதத்தில் இருக்கவேண்டும்.

உங்கள் விஷயத்தில் டாக்டரிடம் இப்படிக் கேட்டு வாங்குங்கள்: தேர்வின்போது சர்க்கரை இறங்கலாம், இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குக் கவனம் செலுத்தமுடியாது, அதனால் மீட்டர், குளுக்கோஸ், தண்ணீர் மேசையில் இருக்கவேண்டும், கழிப்பறைக்குப் போக அனுமதி வேண்டும், சரிசெய்துகொள்ளும் நேரம் கடைசியில் கூட்டித்தரப்படவேண்டும். இதை விட்டுவிடாதீர்கள்: சர்க்கரையை அளக்க கையில் ஒட்டும் சென்சார் போட்டிருந்தால், அது போனில்தானே காட்டும்? போன் தேர்வு அறைக்குள் வரக்கூடாது. வாசலில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் அலாரம் யாருக்கு அடிக்கும்? மேற்பார்வையாளர் மேசையில் போனை வைத்துக்கொள்ளலாமா, தனி ரீடர் கருவி கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும்.

மூன்றாம்வரிசை:
அய்யோ, சென்சார் பற்றி யோசிக்கவே இல்லை. போனில்தான் காட்டுகிறது. நன்றி அக்கா/அண்ணா. (தம்பிதான் நான்.)

நடுப்பக்கம்:
அக்காதான்.

தூரதேசம்:
பணம் பற்றி யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஸ்காலர்ஷிப் என்றதும் எல்லாரும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள், எந்த நிபந்தனையில் நிற்கும் என்று பார்ப்பதில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கும்: இத்தனை மதிப்பெண், இத்தனை அட்டெண்டன்ஸ், ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது இத்தனை கிரெடிட். உடம்பு முடியாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டால் அந்த எண் உடைந்துவிடும், அடுத்த தவணை நின்றுவிடும். நல்லெண்ணத்தில் மென்டரே "ஒரு பாடத்தை விட்டுவிடு, பாரம் குறையும்" என்பார், அவருக்கு உங்கள் ஸ்காலர்ஷிப் விதி தெரிந்திருக்காது. ஆக, பாடத்தைக் கைவிடும் முன் நிதி உதவிப் பிரிவுக்கு ஒரு மெயில்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. அமெரிக்க எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராகவே இருக்கவேண்டும். நோய் காரணமாகக் குறைத்துப் படிக்க வழி இருக்கிறது, ஆனால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அதற்கென்று இருக்கும் அதிகாரி முதலில் அனுமதிக்கவேண்டும், அப்புறம்தான் பாடத்தை விடவேண்டும். வரிசை மாறினால் விசா நிலையே போய்விடும். டாக்டர் சொன்னார், பேராசிரியர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அவசர நிதி என்று ஒன்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, சிறிய தொகைதான், சில இடங்களில் திருப்பித் தரவேண்டியதில்லை. வீட்டில் சம்பாதிப்பவர் இறந்துவிட்டார், லேப்டாப் திருடுபோய்விட்டது, வாடகை கட்டமுடியவில்லை மாதிரி திடீர்ச் செலவுக்கு. மாதாமாதம் போதவில்லை என்பதற்குப் பொதுவாகக் கிடைக்காது. லேப்டாப்பைப் பொறுத்தவரை முதலில் நூலகத்தில் கேளுங்கள், செமஸ்டர் முழுக்கக் கடன் கொடுக்கும் நூலகங்கள் இருக்கின்றன, கேட்பவர்கள் குறைவு.

அப்புறம் படிப்பை நிறுத்துவது. இடைவிடுப்பு எடுப்பதும் விலகுவதும் வேறு வேறு. இடைவிடுப்பில் இடம் உங்களுடையதாகவே இருக்கும், திரும்பி வரலாம். மனம் நொந்த ஒரு மதியம் இணையதளத்தில் "விலகு" பொத்தானை அழுத்தினால் மறுபடி சேர்க்கைக்கே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு பொத்தான்களும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கும் தளங்களை நானே பார்த்திருக்கிறேன். யார் வடிவமைத்தார்களோ.

கல்தூண்:
நிபந்தனை விஷயம் உண்மை, எங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளைக்கு நடந்தது.

ஆனால் என் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு பிரிவுகள் வைத்தும் பிள்ளைகள் "இது என் இடமில்லை" என்று கிளம்பிவிடுகிறார்களே, அதற்கு எந்த அலுவலகத்தில் படிவம்?

கோடைமழை:
நல்ல கேள்வி அண்ணா, கிண்டலாகக் கேட்டிருந்தாலும்.

மாணவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள் என்று 1975ல் வின்சென்ட் டின்டோ என்ற கல்வி ஆய்வாளர் எழுதிய கட்டுரையை இன்றும் எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். படிப்பிலும் ஒட்டவேண்டும், மனிதர்களோடும் ஒட்டவேண்டும், ஒட்டாவிட்டால் போய்விடுவார்கள் என்பது அதன் சாரம். 1978ல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்களே "நான் இங்கே தவறுதலாக வந்துவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் பிடிபடுவேன்" என்று நினைப்பதை விவரித்தார்கள். முதல் தலைமுறையாக வரும் பிள்ளைகளிடம் இதை நான் வாராவாரம் கேட்கிறேன். மற்ற எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஹாஸ்டலின் ஒரே தளத்தில்.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹென் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011ல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், "நாங்களும் ஆரம்பத்தில் ஒட்டாமல்தான் இருந்தோம், போகப்போகச் சரியாகிவிட்டது" என்ற மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்து, தங்கள் அனுபவத்தையும் அதோடு சேர்த்து எழுதச்சொன்னார்கள். அவ்வளவுதான். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடங்களிலும் உயர்ந்தது. "இது எனக்கு மட்டும் இல்லை, இது நிரந்தரமும் இல்லை" என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கல்தூண்:
ஒரு மணி நேரம் கதை படித்தால் மூன்று வருட மதிப்பெண் உயருமா? மன்னிக்கவும், நம்பமுடியவில்லை.

பழையபதிவாளர்:
சாரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. அதே வால்டன் இன்னும் பலரோடு சேர்ந்து 22 கல்லூரிகளில் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தார், 2023ல் முடிவு வந்தது. எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை. அந்தந்தச் சமூகப் பிரிவு மாணவர்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்த கல்லூரிகளில் பலன் தெரிந்தது, வாய்ப்பே இல்லாத இடத்தில் கதை படித்து ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இது முதல் ஆய்வைவிடப் பிடித்திருக்கிறது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒரு மணி நேர வீடியோவைப் போட்டுக்காட்டிவிட்டு "நலத் திட்டம் நடத்திவிட்டோம்" என்று அறிக்கை எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். மென்டர் என்று பெயர் போட்டு, ஒருவரிடமே ஒரு வகுப்பு முழுவதையும் தள்ளிவிட்டு, அவர் பெயரே மாணவருக்குத் தெரியாத நிலை இருந்தால் எந்தக் கதையும் உதவாது.

இரவுப்பறவை:
அலுவலகம் எல்லாம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். கஷ்டம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும். அதற்குத்தான் பிரிட்டனில் மாணவர்களே நடத்தும் நைட்லைன் இருக்கிறது, 1970ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இரவில் போன் எடுத்துக் கேட்பார்கள், அறிவுரை சொல்லமாட்டார்கள், பெயர் கேட்கமாட்டார்கள். நான் இப்படி ஒரு மாணவர் குழுவில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். பாதி அழைப்புகள் பெரிய விஷயமே இல்லை, வாஷிங் மெஷின் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் துணி அப்படியே கிடக்கிறது, ரூம்மேட்டிடம் கேட்க வெட்கம் என்று ஒருவர் கூப்பிட்டார். அது வாஷிங் மெஷின் பற்றிய போன் இல்லை என்று ரெண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. ராகிங்கை நலப் பிரிவுக்குக் கொண்டுபோய் "சமாதானம்" பேசவிடாதீர்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிமுறைகளில் தெளிவாக இருக்கிறது, 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. சேரும்போது கையெழுத்து வாங்கும் அந்த உறுதிமொழிப் பத்திரம் சும்மா இல்லை. மற்ற புகார்களுக்கு (மதிப்பீடு, சான்றிதழைப் பிடித்துவைப்பது, பாகுபாடு) யுஜிசியின் 2023 விதிகளின்படி குறைதீர்க்கும் குழு, அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கவேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனி அமைப்பே இருக்கிறது, கட்டணமில்லை, ஆனால் உள்ளே எல்லாப் படியும் ஏறி முடித்துவிட்டோம் என்ற கடிதத்தோடு 12 மாதத்துக்குள் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் தேவை தேதி போட்ட மெயில்கள். வாட்ஸ்அப்பில் சொன்னேன், நேரில் சொன்னேன் என்பதெல்லாம் நிற்காது.

வாசகி_அம்மா:
தடுப்பூசி பற்றியும் சொல்லுங்கள். போன வருடம் கடைசி நேரத்தில் அலைந்தோம்.

தூரதேசம்:
ஆமாம் அக்கா, மறந்தே போச்சு. ஹாஸ்டலில் நெருக்கமாக இருப்பதால் மூளைக்காய்ச்சல், அம்மை, பொன்னுக்கு வீங்கி எல்லாம் வேகமாகப் பரவும். பிரிட்டனில் 2015லிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு மென்ஏசிடபிள்யுஒய் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடச்சொல்கிறார்கள். எந்த நாடானாலும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். போன கையோடு அங்கே டாக்டரிடம் பதிவு செய்துவிட வேண்டும், காய்ச்சல் வந்தபிறகு இல்லை.

பழையபதிவாளர்:
தம்பி மூன்றாம்வரிசைக்காக மெயில் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதுகிறேன், வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஐயா/அம்மா, நான் இந்த ஆண்டு இந்தத் துறையில் சேர்கிறேன், விண்ணப்ப எண் இது. எனக்கு நீண்டநாள் உடல்நிலைப் பிரச்சினை ஒன்று உள்ளது. தேர்வு, ஹாஸ்டல் இரண்டிலும் சில ஏற்பாடுகள் தேவைப்படும். எந்தப் படிவம், என்ன சான்று, எந்தத் தேதிக்குள் என்று தெரிவித்தால் வகுப்பு தொடங்கும் முன் அனுப்பிவிடுவேன்."

இவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு வேண்டாம், "தாழ்மையுடன்" நாலு முறை வேண்டாம். "எந்தத் தேதிக்குள்" என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதற்குப் பதில் எழுதும் அலுவலர் தேதி சொல்லியாகவேண்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழேயே இன்னொன்று, புது மெயில் வேண்டாம். தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

தேர்வுக்குப் போகமுடியாத நாள் வந்தால், அன்று காலையிலேயே ரெண்டு வரி அனுப்பிவிடுங்கள், சான்று பிறகு வரட்டும். மனுக்களைப் பார்க்கும் குழுவில் மேசைமேல் ஒரு தாள் இருக்கும்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, எப்போது சொன்னார், சான்று என்ன. மூன்றாவது கட்டத்தில் தேர்வு நடந்த தேதியே இருந்தால் பேச்சே இல்லாமல் அடுத்த மனுவுக்குப் போய்விடுவோம். ரிசல்ட் வந்த மறுநாள் என்று இருந்தால் அரை மணி நேரம் விவாதம் நடக்கும், பாதி நேரம் மாணவர் தோற்பார், அவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும்.

மூன்றாம்வரிசை:
சார், நேற்றே அனுப்பிவிட்டேன், இன்று காலை பதில் வந்துவிட்டது! டாக்டர் கடிதம் வகுப்பு தொடங்க இரண்டு வாரம் முன்பு வேண்டுமாம். நடுப்பக்கம் அக்கா சொன்னபடி டாக்டரிடம் கேட்டேன், அவரே "என்ன எழுதவேண்டும் என்று எழுதிக்கொண்டு வா, நான் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். கல்தூண் சார் சொன்னதை அப்பாவிடம் படித்துக்காட்டினேன், அவர் உங்கள் கட்சி. ஆனாலும் மெயில் அனுப்ப ஒத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். ஹாஸ்டல் விதியில் அறைக்குள் மின்சாதனம் எதுவும் கூடாது என்று இருக்கிறது. இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜ்?

நடுப்பக்கம்:
அதே கடிதத்தில் தனி வரியாகக் கேளுங்கள், ஹாஸ்டல் வார்டனுக்கும் நகல் போகட்டும். திறந்து உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனாவைப் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்தில் நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மருந்துக்கு மருந்து கணக்கு மாறும், அட்டைப்பெட்டியைப் பாருங்கள். திறக்காததற்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். எல்லாரும் திறக்கும் பொது ஃப்ரிட்ஜில் வைக்கச்சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், யாராவது ஃப்ரீசரில் தள்ளிவிட்டால் உறைந்துபோகும், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக்கூடாது. அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று, இல்லையென்றால் பூட்டு போட்ட மெடிக்கல் ஃப்ரிட்ஜ், இரண்டில் ஒன்று என்று எழுதுங்கள்.

கல்தூண்:
வார்டன் ஆபீஸ் ஃப்ரிட்ஜ் என்றால் ராத்திரி சாவி யாரிடம் இருக்கும் என்றும் கேட்டு எழுதிவாங்கிக்கொள் தம்பி.